கண்ணசந்த ஒரு மதியம்

நான் ஐந்து மாதம் தூங்காமல் இருந்தேன். இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு மனுஷி அவ்வளவு நாள் தூங்காமல் உயிரோடு இருக்க முடியாது என்பார்கள். அது சரிதான். இங்கே கால் மணி, அங்கே அரை மணி என்று நானும் கண் மூடியிருப்பேன். ஆனால் படுத்தோம், தூங்கினோம், விடிந்தது என்று மற்றவர்கள் சொல்கிறார்களே, அந்தத் தூக்கம் எனக்கு ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏற்காட்டு மலையில் நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் பிறந்தது கீழே, ஓமலூர்ப் பக்கம். ஐந்தாவது வரை படித்திருந்தேன். கல்யாணமாகி மலைக்கு வந்தபோது கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். என் கணவர் காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கும் மெஷினை ஓட்டினார். மற்ற பெண்கள் எல்லோரும் தோட்டத்துக்குள் பழம் எடுக்கப் போனார்கள். எனக்கு மட்டும் வேறு வேலை கொடுத்தார்கள்.

பழம் எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். தவழ்கிற, நடக்கிற பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் மூங்கில் தட்டி அடைத்துப் பாய் போட்டிருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இன்றைக்கு எத்தனை பிள்ளை வந்தது, யாருக்குச் சளி, யாருக்குக் காய்ச்சல் என்று ஒரு நோட்டில் எழுதி, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் காட்ட வேண்டும். அதற்காகத்தான் படித்தவளாகப் பார்த்துப் போட்டார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் செடிக்குச் செடி குனிந்து போகிறவர்களுக்கு நான் சொகுசாக உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனாலேயே, இந்த வேலையில் ஒரு குறை வரக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது.

மார்கழி மாதம். பழம் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. என் மகளுக்கு எட்டு மாதம். பல் முளைக்கும் காய்ச்சலில் மூன்று ராத்திரியாக அவள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. நாலாம் நாள் கொட்டகையில் பதினான்கு பிள்ளைகள். மதியம் தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வயிறு நிறைந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணயர்ந்தன. என் மகளும் காய்ச்சல் விட்டு வேர்த்துத் தூங்கினாள். தட்டிக்குள் இருந்த நாலைந்து பிள்ளைகள் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தன. நான் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். தகரத்தின் மேல் வெயில் விழுந்து கொட்டகைக்குள் இதமாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது வெயில் ஒரு முழம் நகர்ந்திருந்தது. தட்டியின் ஒரு பக்கக் கட்டு அவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பிள்ளை குறைந்தது.

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை அது. அப்போதுதான் நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் சரிவு. சரிவின் அடியில் மெஷின் இருக்கும் இடம். அதையொட்டி, உரித்த காப்பிக் கொட்டையை ஊறவைத்துக் கழுவுகிற தொட்டிகள். ஒவ்வொன்றும் ஆள் இடுப்பு ஆழம். நான் ஓடினேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், மெஷின் நின்றிருந்தது. சரிவில் இருந்து பார்த்தால் தொட்டியின் மேல்மட்டம் தரையோடு தரையாக இருக்கும். அந்த விளிம்புக் கட்டையின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. கால் இரண்டும் உள்பக்கம் தொங்கின. பக்கத்தில் சிதறிக் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டு, அது விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பும் என்று பயம். பின்னால் போய் அள்ளி எடுத்தேன். விளையாட்டுக் கெட்டுப்போன கோபத்தில் அது என் தோளைக் கடித்தது.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் பார்க்கவில்லை. குழந்தையின் கையைக் கழுவிவிட்டேன். புதுக் கயிறு எடுத்துத் தட்டியை இறுக்கிக் கட்டினேன். சாயங்காலம் அதன் அம்மா வந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள், நாலு வீடு தள்ளி இருப்பவள். இதற்கு முன் பிறந்த இரண்டையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இது ஒன்றைத்தான் வைத்திருந்தாள்.

"நொம்பப் படுத்துனாளா அம்மிணி?" என்று கேட்டாள்.

"இல்லீங்க்கா. சமத்தா இருந்தா."

இந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. தினமும் சொல்கிற சொல், தானாக வாயில் வந்துவிட்டது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீ இருக்கறதுனாலதான் நான் பின்னால திரும்பிப் பாக்காம பழம் எடுக்கறேன்," என்றாள்.

அன்று ராத்திரி என் மகள் அசந்து தூங்கினாள். மூன்று நாள் கடனுக்கு நானும் கட்டையாகக் கிடந்திருக்க வேண்டும். கண் சொருகும். சொருகிய அடுத்த நொடி யாரோ சரிவில் பிடித்துத் தள்ளிவிட்டது போல உடம்பு தூக்கிப்போடும். எழுந்து மகளைத் தொட்டுப் பார்ப்பேன். கதவுத் தாழைப் பார்ப்பேன். திரும்பவும் படுப்பேன். அப்படியே விடிந்தது. ஒரு நாள் தானே என்று நினைத்தேன்.

மறுநாளும் அப்படியே போனது. அதற்கடுத்த நாளும்.

பயந்த விஷயம் நடக்கவில்லை என்றால் மனசு அதை மறந்துவிடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு நேர்மாறாக ஆயிற்று. நடந்தது என்னவோ கொஞ்ச நாளில் மங்கிவிட்டது. குழந்தை எந்தப் பாவாடை கட்டியிருந்தது என்றுகூட மறந்து போனது. நடக்காததுதான் நாளுக்கு நாள் தெளிவாகத் தெரிந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கண் விழிக்கிறேன். தொட்டிக் கட்டையில் யாரும் இல்லை. தண்ணீரில் பழங்கள் மட்டும் மிதக்கின்றன. சாயங்காலம் அவள் மடியில் ஆரஞ்சோடு வந்து நின்று, படுத்தினாளா என்று கேட்கிறாள். இதைத் தினமும் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது நடந்தது போலவே ஆகிவிட்டது.

தை மாதம் பிறப்பதற்குள் என் குணம் மாறிவிட்டது. கொட்டகையில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணி முடித்த உடனே, சரியாக எண்ணினோமா என்று சந்தேகம் வரும். ஒரு பிள்ளை தட்டியைத் தொட்டால் போதும், ஓடிப்போய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்பேன். பகலில் ஒரு கொட்டாவிகூட வராது, அதுதான் விசித்திரம். பகலெல்லாம் கண் எரியும், தலைக்குள் வண்டு ரீங்கரிக்கும், ஆனால் உடம்பு விறைத்துக்கொண்டு நிற்கும். குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று நின்றேன். யாராவது சாதாரணமாகச் சிரித்தால், என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

பொழுது சாய்வதுதான் பெரிய பயம். வெள்ளி ஓக் மரங்களின் நிழல் நீண்டு, காப்பி காயவைக்கும் களத்தைத் தொடும்போதே அது தொடங்கிவிடும். எல்லோரும் ஓய்ந்து உட்காரப் போகிறோம் என்று சந்தோஷமாக ஏறி வருகிற அந்த நேரத்தில், எனக்கு மட்டும் ஒரு வேலை தொடங்கப்போவது போல இருக்கும். இன்றைக்காவது தூங்க வேண்டும் என்ற அவசரமே என்னை விழிக்க வைத்தது. இன்றும் வராதோ என்று நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு படபடக்கும். படபடக்கிற நெஞ்சோடு யார் தூங்க முடியும்?

கணவருக்கு ஒரு மாதம் வரை தெரியாது. தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட நான் பழகியிருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்புள்ள, நீ தூங்கறதே இல்லியா?"

"தூங்கறனுங்க."

"கண்ணப் பாத்தா அப்படித் தெரியலியே."

"பாப்பா எந்திரிச்சுட்டே இருக்கறா," என்று மகளின் மேல் பழியைப் போட்டேன். அவள் அப்போது விடிய விடிய நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் கோபக்காரர் அல்ல. ஆனால் அந்தத் தொட்டி அவர் பார்வையில் இருக்கும் இடம். சாப்பிடப் போகும்போது தொட்டியை மூடவில்லை என்று அவருக்கும் ஒரு குற்றம் வந்து சேரும். என்னோடு சேர்ந்து அவரும் விழித்துக்கொண்டு கிடப்பார். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் விழித்தால் போதும் என்று நினைத்தேன் போல. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. சொல்லிவிட்டால் நான் நல்லவள் என்பது போய்விடும். ஐந்தாவது படித்தவள், பொறுப்பானவள், பிள்ளைகளை நம்பி விடலாம் என்ற பேர்தான் மலையில் எனக்கு இருந்த ஒரே சொத்து.

வைத்தியங்கள் நடந்தன. கசகசாவைப் பாலில் அரைத்துக் கொடுத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீர் ஊற்றினார்கள். வாரத்துக்கு ஒருநாள் எஸ்டேட்டுக்கு வருகிற கம்பவுண்டர், பசிக்கிறதா, வெளிக்குப் போகிறதா, மாதாமாதம் சரியாக வருகிறதா என்று கேட்டுவிட்டு ஒரு சிவப்பு மருந்தைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னால் உண்மையாகப் பதில் சொல்ல முடிந்தது.

மாசியில் கணவர் என்னைத் தலைச்சோலை கிராமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே மலைக்காரர் ஒருவர் பயந்தவர்களுக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவார். ராகி வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதப் பாத்து பயந்த கண்ணு?" என்றார்.

இத்தனை பேரில் அவர் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் கணவர் நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

அவர் மந்திரித்துக் கயிற்றைக் கட்டிவிட்டார். எந்தப் பலனும் இல்லை. பேயின் பேரைச் சொல்லாமல் பேயோட்ட அவரால் மட்டும் எப்படி முடியும்?

மாதத்துக்கு ஒருமுறை, எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானி, கொட்டகையைப் பார்க்க வருவார். தூளிகளைத் தொட்டுப் பார்ப்பார், பால் பவுடர் டப்பாவைத் திறந்து பார்ப்பார், போய்விடுவார். பங்குனியில் வந்தபோது என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"நீ தூக்கம் இல்லை?"

பிறகு, தன்னோடு வந்த ஆயாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆயா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அம்மாவுக்கும் தூக்கம் இல்லீங்களாம். ரெண்டு பசங்களும் சீமையில படிக்கறாங்க. சண்டையில கப்பல் வர்றதில்ல. கடுதாசி வந்து நொம்ப நாளாச்சு. அதே கண்ணு உனக்கும் இருக்குதுன்னு சொல்றாங்க."

நான் துரைசானியின் கண்களை முதன்முறையாக நேராகப் பார்த்தேன். கீழ் இமை சிவந்து தடித்திருந்தது. பவுடருக்கு அடியில் தோல் சாம்பல் நிறமாக இருந்தது. வெந்நீரும் மெத்தையும் வேலைக்காரர்களும் இருக்கிற வீட்டில் தூக்கம் மட்டும் இல்லை. அவருக்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லவும் முடிந்தது. இருந்தும் தூங்க முடியவில்லை. சொன்னால் தீர்ந்துவிடும் என்று நான் பிற்காலத்தில் யாருக்கும் உறுதி சொல்லாததற்கு அந்த முகம் ஒரு காரணம். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாத வரை எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

மறுநாள் ஆயாவிடம் ஒரு சின்ன பாட்டிலில் வெள்ளை மாத்திரைகள் கொடுத்தனுப்பினார். ஒன்று போட்டுக்கொண்டால் போதுமாம். ஒரு வாரம் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் முடியாமல் ஒன்றை விழுங்கிவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் கைகால் கனத்தது. தலை கீழே கீழே இறங்கியது. தூக்கம் வருகிறது என்று தெரிந்தது. மாதக்கணக்காக நான் ஏங்கிய தூக்கம். அது வந்த உடனே எனக்கு ஏற்பட்டது சந்தோஷம் அல்ல, நடுக்கம். விழுந்தடித்து எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன். மருந்தோடு மல்லுக்கட்டி விழித்தே இருந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தூக்கம் என்னை விட்டுப் போகவில்லை. நான்தான் அதை உள்ளே விடவில்லை. ஒரு மதியம் கண்ணசந்ததற்கு எனக்கு நானே தண்டனை விதித்துக்கொண்டு, அதை நிறைவேற்றிக்கொண்டும் இருந்தேன். தண்டனை எப்போது முடியும் என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. என் தப்பு யாருக்கும் தெரியாது. தெரியாத தப்பை யார் மன்னிப்பார்கள்?

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோடை மழை பெய்து காப்பி பூத்து ஓய்ந்திருந்தது. சாமான் வாங்க நாலைந்து பெண்கள் சேர்ந்து ஏற்காடு ஒண்டிக்கடைக்கு நடந்தோம். என் மகளை வீட்டில் கணவரிடம் விட்டிருந்தேன். அந்தக் குழந்தையும் அதன் அம்மாவும் எங்களோடு வந்தார்கள். திரும்பும் வழியில் மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவள் தலையில் அரிசி மூட்டை, கையில் மண்ணெண்ணெய். குழந்தை நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"செத்த தூக்கிக்கறியா அம்மிணி?" என்றாள்.

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். நூறடி போவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. அதன் வாயிலிருந்து எச்சில் வழிந்து என் கழுத்தை நனைத்தது. தூங்குகிற குழந்தையின் கனம் தனிக் கனம், தூக்கியவர்களுக்குத் தெரியும். தன்னுடைய எடை முழுவதையும் அது என்னிடம் கொடுத்துவிட்டது. எனக்கு மேலே நடக்க முடியவில்லை. ரோட்டோரத்தில் நின்றுவிட்டேன்.

"ஏன், கால் வலிக்குதா?"

"அக்கா, மார்கழியில ஒருநாள் நான் கொட்டகையில தூங்கிட்டனுங்க. இவ வெளிய போயிட்டா. கழுவற தொட்டிக் கட்டை மேல உக்காந்திருந்தா. நான் போய்த் தூக்கிட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லல. சமத்தா இருந்தான்னு சொல்லிட்டேன்."

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் தோளிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள். மூட்டையையும் மண்ணெண்ணெயையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். நான் மூட்டையைத் தலையிலும் மண்ணெண்ணெயைக் கையிலும் எடுத்துக்கொண்டு, அவளுக்கு வெகு பின்னால் வந்து அவள் வீட்டு வாசலில் வைத்தேன். கதவு சாத்தியிருந்தது.

திங்கட்கிழமை அவள் குழந்தையைக் கொட்டகைக்குக் கொண்டுவரவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை, தாய்மார் எல்லோரும் பிள்ளைகளை விட வந்திருந்த நேரம், குழந்தையை முதுகில் கட்டியபடி வாசலில் வந்து நின்றாள்.

"உன்னிய நம்பித்தான விட்டேன். ரெண்டக் குடுத்துட்டு இத ஒண்ணத்தான வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமில்ல. அன்னிக்கு நான் குடுத்த பழத்தக் கை நீட்டி வாங்குனியே, எப்படி வாங்குன? அத்தன நாளா என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சியே, எப்படிச் சிரிச்ச?"

சத்தம் போட்டு அவள் பேசவில்லை. அடங்கிய குரலில், ஒவ்வொரு கேள்வியாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். இரண்டு மூன்று பேர் தங்கள் பிள்ளைகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்கள். தோட்டத்து மேஸ்திரி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நோட்டை வாங்கிக்கொண்டு, "நீ ஊட்டுக்குப் போ. நாளையிலிருந்து களையெடுக்கப் போயிக்க," என்றார்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எல்லோர் முன்னாலும் தலை குனிந்தாயிற்று, வேலையும் போயிற்று. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மகளுக்குக் கஞ்சி ஊட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாமல் இருந்தாள். அவளிடம் குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கால் நீட்டலாம் என்று தரையில் சாய்ந்தேன். பாய்கூடப் போடவில்லை.

எழுந்தபோது வெளிச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான் தூங்கினோம் என்று நினைத்தேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது மறுநாள் காலை. ராத்திரி இரண்டு முறை என் மூக்கின் முன்னால் விரலை வைத்துப் பார்த்தாராம்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல," என்றார். விஷயம் அதற்குள் லைன் முழுவதும் தெரிந்திருந்தது. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அந்த வாரமே பலகை வெட்டித் தொட்டிகளுக்கு மூடி செய்து போட்டார்.

இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் என்னைத் தேற்றியிருந்தால், ஒன்றும் ஆகவில்லையே, விடு என்று சொல்லியிருந்தால், நான் தூங்கியிருப்பேனா? எனக்குச் சந்தேகம்தான். அவள் கோபப்பட்டாள். எனக்குள் நான் ஒருத்தியே நடத்திக்கொண்டிருந்த வழக்கை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். நான் செய்தது எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்குத் திட்டினாள். நான் ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த பிணத்தைப் பற்றி அவள் பேசவில்லை. ஏனென்றால் அவள் குழந்தை அவள் முதுகில் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு வாரம் தூங்குவேன், இரண்டு நாள் விழிப்பேன். ஆனால் பொழுது சாய்கிற பயம் போய்விட்டது. களையெடுக்கிற வேலை இடுப்பை ஒடித்தது, அதுவும் உதவியது. கொட்டகைக்கு வேறொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். இப்போது நானும் காலையில் என் மகளை அவளிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினேன். முதல் நாள் செடிகளுக்கு நடுவே நின்று பத்து முறை கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பின்னால் திரும்பிப் பார்க்காமல் பழம் எடுப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரிசையில் குனிந்து வேலை செய்யும்போது பெண்கள் பேசுவார்கள். என் கதை தெரிந்துவிட்டதால் தங்கள் கதையை என்னிடம் சொல்ல அவர்களுக்குக் கூச்சம் இல்லை. தூங்காதவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல என்று அங்கேதான் அறிந்தேன். ஒருத்தி குடித்துவிட்டு வருகிற புருஷனின் காலடிச் சத்தத்துக்காக விழித்திருந்தாள். அவன் வராத நாட்களிலும் விழித்திருந்தாள். இன்னொருத்தி, காலை மணி அடிப்பதற்கு முன்னால் எழாவிட்டால் மாமியார் என்ன சொல்வாளோ என்று பயந்து நாலு முறை எழுந்து வானத்தைப் பார்ப்பாளாம். வீட்டில் எல்லோரும் தூங்குவதற்கு யாரோ ஒருத்தி காது கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கிறது. அவளைப் பார்த்துக் கம்பவுண்டர் பசிக்கிறதா என்று கேட்கிறார்.

அந்த அக்கா மழைக்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை. குழாயடியில் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நானும் போய் நிற்கவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு, அதற்கு நாள் குறிக்க எனக்கு உரிமை இல்லை.

கார்த்திகையில் மறுபடியும் பழம் எடுப்பு தொடங்கியது. புதிதாகப் போட்ட பெண் பிள்ளைகளைக் கிள்ளுகிறாள் என்று பேச்சு வந்தது. ஒரு பிள்ளையின் தொடையில் கன்றிப்போன தடம் இருந்தது. கேட்டதற்கு, பூச்சி கடித்திருக்கும் என்றாள். தாய்மார் மேஸ்திரியிடம் போய் நின்றார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். அப்போது அந்த அக்கா முன்னால் வந்தாள். என்னைக் கை காட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க மேஸ்திரி, பழையபடி இவளையே போடுங்க. தூங்கினா தூங்கிட்டேன்னு சொல்லவாவது சொல்லுவா."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஆனா ஒருத்திய மட்டும் போடாதீங்க. பதினாலு புள்ளைக்கு ஒருத்தி எப்படிக் கண்ணு முழிச்சிட்டே இருப்பா? கூட ஒரு ஆளப் போடுங்க. ஒருத்தி அசந்தா இன்னொருத்தி பாப்பா."

இரண்டு ஆளுக்குச் சம்பளம் துரை தரமாட்டார் என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ஆயா மூலமாக விஷயம் துரைசானியிடம் போனது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் இன்னொரு பெண்ணையும் சேர்த்துப் போட்டார்கள்.

என்னோடு வந்தவள் வாயாடி. மதியம் தூளிகள் ஓய்ந்ததும், "நீங்க செத்த சாயுங்க, நான் பாத்துக்கறேன்," என்பாள். முதல் சில நாள் நான் மறுத்தேன். பிறகு ஒருநாள் சாய்ந்தேன். வேலை நேரத்தில், தெரிந்தே, ஒருத்தி விழித்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில் கண்ணை மூடினேன். கால் மணி நேரம் இருக்கும். எழுந்ததும் அவள் படுத்தாள், நான் எண்ணினேன். எல்லாப் பிள்ளையும் இருந்தன. ஒருமுறை எண்ணியதே போதுமானதாக இருந்தது.

அந்த அக்கா குழந்தையை மறுபடியும் எங்களிடம் விட்டாள். முன்பு போல என்னோடு ஒட்டிப் பேசவில்லை. சாயங்காலம் வந்து, "என்னென்ன பண்ணுனா?" என்று கேட்பாள். நான் எல்லாவற்றையும் சொல்வேன். மண்ணைத் தின்றாள், இன்னொரு பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்தாள், இரண்டு முறை தட்டியைத் தாண்டப் பார்த்தாள். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு போவாள். எங்களுக்குள் கடைசி வரை அப்படித்தான் இருந்தது. அதைச் சிநேகம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மலையில் நான் பொய் சொல்லாமல் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

சண்டை முடிந்ததும் துரைசானி ஊருக்குப் போனார். பசங்களைப் பார்த்தாரா, அங்கேயாவது தூங்கினாரா என்று கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. பிற்பாடு துரைகளே போனார்கள், எஸ்டேட் கை மாறியது. நாங்கள் இங்கேயே இருந்தோம்.

இப்போதும் எனக்குத் தூக்கம் குறைவுதான். வயசானால் அப்படித்தான் என்கிறார் டாக்டர். இது வேறு விழிப்பு. இதில் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை, யாரையும் எண்ண வேண்டியதில்லை. கோழி கூவுவதற்கு வெகு முன்னால் எழுந்து, முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு கல் பொறுக்குவேன். மகள் உள்ளேயிருந்து, "ஏம்மா, இன்னும் படுக்கலியா?" என்று தூக்கத்தோடு கேட்பாள்.

"படுத்து எந்திரிச்சாச்சு, நீ தூங்கு," என்பேன். அது உண்மை.